எலியில் ஆறிய புண், மனிதக் காலில் ஆற என்ன வழி? ஆராய்ச்சிப் பணமும் பயிற்சியும் எங்கே கிடைக்கும்?

தாமிரபரணி:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு ஒரு ஜெல் செய்யும் முயற்சியில் இருக்கிறேன். வெட்டுக்காயப் பூண்டு பலருக்கும் தெரிந்திருக்கும். வரப்பிலும் ரோட்டோரத்திலும் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூவோடு நிற்குமே, தாத்தாப்பூச் செடி என்றும் சொல்வார்கள். அதன் இலைச்சாற்றிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து, தூத்துக்குடி இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானோடு சேர்த்திருக்கிறோம். சர்க்கரை வரவழைத்த 24 எலிகளை நான்கு குழுவாகப் பிரித்துச் சோதித்தோம். எங்கள் ஜெல் போட்ட குழுவில் 14ஆம் நாள் புண் கிட்டத்தட்ட மூடிவிட்டது. வெறும் கைட்டோசான் போட்ட குழுவில் பாதிதான் மூடியது.

என் அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு வலது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். செருப்பு கடித்த சின்னப் புண்தான், வலியே தெரியாததால் கவனிக்கவில்லை. அதனால் இந்த வேலை கட்டுரையோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழகம் கொடுத்த தொடக்க நிதி 2 லட்சம் தீர்ந்துவிட்டது. எங்கள் துறையில் யாரும் ஒரு மருந்தை நோயாளி வரை கொண்டுபோனதில்லை, கேட்க ஆள் இல்லை. அடுத்த கட்டத்துக்கு யாரிடம் விண்ணப்பிப்பது? இதைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி ஏதும் உண்டா? கம்பெனி தொடங்கினால்தான் பணம் தருவார்களா? அப்புறம், கட்டுரை தயாராக இருக்கிறது, இந்த மாதமே அனுப்பச் சொல்லித் துறைத்தலைவர் அவசரப்படுத்துகிறார். அனுப்பலாமா?


நெல்வயல்:

மேடம், கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதற்குத்தான் நாள் குறைவு. காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போடாமல் கட்டுரையை அனுப்ப வேண்டாம். விண்ணப்பம் போட்ட மறுநாளே அனுப்பிக்கொள்ளலாம். முழு விவரத்தோடு மறுபடி கொடுக்க அங்கிருந்து 12 மாதம் இருக்கும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதனால் செலவைக் காட்டி யாரும் தள்ளிப்போட முடியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் பார்மசியில் முனைவர் பட்டம் செய்தவன். கருவிழியில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குச் சொட்டு மருந்து, அதுதான் என் வேலை. அறுவடையில் நெல் தாள் கண்ணில் கிழித்துவிடும், ஒரு வாரத்தில் கருவிழி வெள்ளையாகிவிடும். நம் ஊர்ப் பக்கம் விவசாயக் கூலிகளுக்கு வரும் நோய் இது. ஆய்வு முடிகிற நேரத்தில் ஒரு மாநாட்டில் சுவரொட்டி வைத்தேன். அதன் சுருக்கம் இணையத்தில் ஏறிவிட்டது. எட்டு மாதம் கழித்துக் காப்புரிமை வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, இதை எங்கேயாவது வெளியிட்டீர்களா என்பதுதான். வெளியே வந்துவிட்டால் அது புதிது இல்லை என்று காப்புரிமையை மறுத்துவிடலாம். அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஓராண்டுச் சலுகை இருக்கிறது. ஐரோப்பாவில் அப்படி இல்லை, அதை அன்றே கைவிட்டேன். மாநாட்டுக்குப் போகுமுன் ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும், சொல்ல யாரும் இல்லை.

இப்போது பணம். எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு, எந்த மாதிரிப் புண்ணுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, யார் கையால் போடுவது, எத்தனை வாரத்தில் என்ன ஆக வேண்டும், இன்று அந்த நோயாளிக்கு என்ன கிடைக்கிறது, அதைவிட இது எதில் மேல். அந்தப் பக்கம் என்னிடம் இல்லாததால்தான் என் முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. நேர்காணலில் ஒருவர், நோயாளி எத்தனை மணிக்கு ஒருமுறை சொட்டு விடுவார் என்று கேட்டார். என்னிடம் ஊடுருவல் விகிதத்துக்கு வரைபடம் இருந்தது, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கண் மருத்துவமனையில் அனுமதி வாங்கி, இரண்டு மாதம் புறநோயாளிப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொற்றுக்கு இன்றைக்கும் நாட்டமைசின்தான் முதல் மருந்து. மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 368 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில், வோரிகோனசோலைவிட அதுதான் நன்றாக வேலை செய்தது. ஆனால் தொடக்கத்தில் மணிக்கு ஒரு சொட்டு விட வேண்டும். களத்துமேட்டில் நிற்கிற அம்மா மணிக்கு ஒருமுறை கையைக் கழுவி எப்படிச் சொட்டு விடுவார்? ராத்திரி யார் எழுப்புவது? அதுவரை "இன்னும் வீரியமான மருந்து" என்று ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகு "ஒரு நாளைக்கு மூன்று முறை போட்டால் போதும்" என்று குறியையே மாற்றினேன். மூலக்கூறு அதேதான். அடுத்த முறை பணம் கிடைத்தது.

உங்கள் பக்கத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: இது சட்டப்படி என்ன பொருள்? மூடிவைத்து ஈரத்தைக் காப்பதுதான் ஜெல்லின் முக்கிய வேலை என்றால் அது மருத்துவச் சாதனம், 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளில் வரும். இலைப்பகுதிதான் ஆற்றுகிறது என்றால் மருந்து. வெறும் கைட்டோசானைவிட உங்கள் ஜெல் மேல் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள், ஆகவே மருந்துப் பக்கம்தான் சாய்கிறது. மூலிகையிலிருந்து வருவதற்கு 2015இல் பைட்டோபார்மசூட்டிகல் என்று ஒரு தனி வகை கொண்டுவந்தார்கள். சாற்றின் சுத்திகரித்த ஒரு பகுதி, அதில் குறைந்தது நான்கு சேர்மங்களை இன்னது, இவ்வளவு என்று அளந்து காட்ட வேண்டும். உங்களுக்குப் பொருந்துவது இதுதான் என்பது என் கருத்து. மனிதர்களில் சோதனை நடத்துவதற்கான முறைகள் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளில் இருக்கின்றன, பொறுமையாக ஒருமுறை படித்துவிடுங்கள். சித்த மருந்து உரிமம் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் நீங்கள் செய்திருப்பது நவீன முறையில் பிரித்த பகுதி, அதைப் பழைய சுவடிச் சட்டத்துக்குள் திணிக்க வேண்டாம். எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் எந்த நச்சுத்தன்மைச் சோதனை, எத்தனை மாதம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் முடிவாகும். இதைத் தீர்மானிக்காமல் பட்ஜெட் எழுதினால் தேர்வுக் குழு முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

கம்பெனி கட்டாயமா? இல்லை. உயிர்த்தொழில்நுட்பத் துறையின் கீழ் 2012இல் தொடங்கிய பைராக் (BIRAC) என்ற நிதி தரும் அமைப்பில் பேஸ் (PACE) என்று ஒரு திட்டம் இருக்கிறது. அதில் இரண்டு கிளை. ஒன்று, கல்வி நிறுவனத்தில் இருப்பவர் தன் யோசனை வேலை செய்யும் என்று நிரூபிப்பதற்கு. மற்றது, அப்படி நிரூபித்ததைத் தொழில் நிறுவனம் ஒன்றை வைத்துச் சரிபார்ப்பதற்கு. இப்போது உங்களுக்கு ஏற்றது முதல் கிளை. பிக் (BIG) என்று எல்லோரும் பேசுவது அதே பைராக்கின் வேறு திட்டம்: 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. அது தொழில்முனைவோருக்கானது, கம்பெனி எண்ணம் வந்தால் அப்போது பாருங்கள். பெங்களூரு சி-கேம்ப், ஹைதராபாத் ஐகேபி போன்ற தொழில் வளர்ப்பு மையங்கள் அதை நடத்திக் கொடுக்கின்றன. எனக்குக் கிடைத்தது பிக்தான். பணத்தைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்கும் தரவும் கேட்டு உட்கார வைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிய பாடம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வெளி நிறுவனங்களுக்குத் தரும் திட்டங்களில் சிறு நிதி 2 கோடி வரை, அதற்கு மேல் 8 கோடி வரை இடைநிலை நிதி. சிறு நிதியே உங்களுக்குத் தாராளம், ஆனால் மருத்துவர் ஒருவர் கூட்டாளியாக இல்லாமல் அங்கே போக வேண்டாம். அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த செர்ப் (SERB) இப்போது தனியாக இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் சேர்ந்துவிட்டது. பணியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்கே பிரதமர் பெயரில் ஒரு நிதி உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பெரிய நிறுவனத்தோடு இணைக்கும் 'பேர்' (PAIR) திட்டமும் உண்டு, உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் அதில் சேர்ந்திருக்கிறோமா என்று கேளுங்கள். உயிர்த்தொழில்நுட்பத் துறையும் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் ஐந்தாண்டு ஆய்வுதவி தருகிறது, அவர்கள் பார்ப்பது ஆளின் அறிவியல் கேள்வியை. ஜெல்லுக்கு என்று அங்கே போனால் எடுபடாது, சர்க்கரைப் புண் ஏன் ஆறுவதில்லை என்ற கேள்வியோடு போனால் எடுபடலாம்.

பயிற்சிக்குச் செலவே இல்லாமல் இரண்டு இடம். அம்பத்தூர்ப் பக்கம் அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாகச் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி ஒரு பாடம் நடத்துகிறது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் இதே நிறுவனத்தின் இன்னொரு பாடத்தைக் கட்டாயம் முடிக்க வேண்டும், நம்மைப் போன்ற ஆய்வகக்காரர்களுக்கும் இந்த மாதிரிப் பயிற்சி தேவை. அதே என்பிடெல்லில், புதிய மருந்தை மனிதரில் சோதிக்க இந்தியாவில் என்னென்ன விதி என்று மருத்துவப் பரிசோதனைகளுக்கு உதவும் அரசு அமைப்பான ஃபரிதாபாத் சிடிஎஸ்ஏ நடத்தும் பாடமும் இருக்கிறது. இரண்டையும் முடித்துவிட்டு எழுதுகிற விண்ணப்பத்தின் மொழியே வேறாக இருக்கும். நான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரை மணி நேரம் கேட்டு முடித்தேன். அறிவிப்புகளுக்கு இந்தியாபயோசயின்ஸ் தளத்தின் நிதிப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் 2006இல் டாரியா மோக்லி-ரோசன் ஸ்பார்க் என்று ஒன்றைத் தொடங்கினார். பல்கலைக்கழக ஆய்வாளர்களையும், மருந்துக் கம்பெனிகளில் பல வருடம் இருந்தவர்களையும் வாரந்தோறும் ஒரே அறையில் உட்காரவைத்து, கொஞ்சம் பணமும் நிறைய ஆலோசனையும் கொடுக்கும் ஏற்பாடு அது. அப்படி ஓர் அறை மதுரையிலோ நெல்லையிலோ வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓய்வுபெற்ற மருந்துக் கம்பெனிக்காரர்கள் நம் ஊரிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.


இரவுப்பணி:

அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். கால் புண்ணுக்குக் கட்டுப்போடுவது எங்கள் அன்றாட வேலை. மேடம், எலித்தோலை நம்பி ரொம்ப மகிழ்ந்துவிட வேண்டாம். எலிக்குத் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசை உண்டு, அதனால் புண் சுருங்கியே மூடிவிடும். மனிதப் புண் அடியிலிருந்து சதை வளர்ந்து, மேலே தோல் படர்ந்துதான் ஆறும். புண்ணைச் சுற்றி வளையம் ஒட்டித் தைத்து, சுருங்க விடாமல் செய்த சோதனையா உங்களுடையது? இல்லையென்றால் அதை ஒருமுறை செய்துவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

எந்தப் புண் என்று நெல்வயல் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். ரத்த ஓட்டம் இல்லாத காலில் எந்த ஜெல்லும் ஆற்றாது, அதற்கு முதலில் ரத்தக்குழாய் வைத்தியம். உணர்ச்சி மரத்த, ஆனால் ரத்தம் நன்றாக ஓடும் காலில் உள்ளங்காலில் வரும் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதத்தின் மேல் எடை விழாமல் காப்பதுதான் முதல் வைத்தியம். உங்கள் சோதனையில் ஒரு குழுவுக்கு நல்ல செருப்பும் இன்னொரு குழுவுக்கு ஜெல்லும் என்று ஆகிவிட்டால் செருப்பு ஜெயித்துவிடும். இரு குழுவுக்கும் அதே பாதுகாப்புக் கொடுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எப்போது ஆறியது என்று சொல்வது? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில், தோல் முழுதாக மூடி, நீர் கசியாமல், கட்டு தேவைப்படாமல் இருக்க வேண்டும், அதை இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நாங்கள் வார்டில் வைத்திருக்கும் கணக்கு இன்னும் எளிது. நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் அந்தப் புண் தானாக ஆறப் போவதில்லை. உங்கள் முதல் சிறு ஆய்வுக்கு அது நல்ல அளவுகோல்.

போட்டி யார் என்றும் எழுதுங்கள். செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணி சேர்த்த ஜெல் அமெரிக்காவில் 1997இலேயே வந்துவிட்டது, இங்கும் அந்த வகையில் இ.ஜி.எஃப் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கிறது. எங்களிடம் வருபவர்களால் அதை வாரக்கணக்கில் வாங்க முடிவதில்லை, கடைசியில் உப்புநீரும் காஸ் துணியும்தான். வீட்டில் கட்டுப்போடுவது பெரும்பாலும் மனைவியோ மருமகளோ. பங்குனி வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரியில் ஒரு மாதம் கெடாமல் இருக்குமா உங்கள் ஜெல்? இருக்கும் என்று காட்டினால் நான் கூட வருகிறேன்.


தாமிரபரணி:

டாக்டர், வளையம் வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அப்படி ஒரு முறை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. எங்கள் விலங்கு நெறிமுறைக் குழுவில் திருத்தம் போட்டு 12 எலிகளுக்கு அனுமதி கேட்கப் போகிறேன். ஜெல்லை இதுவரை குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்திருக்கிறோம். ஒரு தொகுதியை இன்றைக்கே வெளியே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், ஆய்வு மாணவி வாரம் ஒருமுறை அளப்பார்.

நெல்வயல் சார், காப்புரிமை அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு பயம். வெட்டுக்காயத்துக்கு வெட்டுக்காயப் பூண்டு என்பது பாட்டிக்கே தெரியுமே, இதற்குக் காப்புரிமை தருவார்களா?


தரமணி:

காப்புரிமை அலுவலகங்களில் ஆவணம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். பயப்படுவது சரிதான். புண் ஆற்ற மஞ்சள் என்று 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து வாதாடி 1997இல் ரத்து செய்யவைத்தது. மரபு அறிவைத் திருடவிடக் கூடாது என்பதற்காக நாம் வைத்த அதே வாதம் இன்று உங்களுக்கும் பொருந்தும். நம் சட்டத்தில் 3(p) பிரிவு மரபு அறிவை விலக்குகிறது, 3(e) வெறும் கலவையை விலக்குகிறது. "இந்த இலை புண்ணை ஆற்றும்" என்று எழுதினால் கிடைக்காது. எந்தப் பகுதி, எந்தக் கரைப்பானில் எப்படிப் பிரித்தது, கைட்டோசானோடு எந்த விகிதத்தில் சேர்த்தால் இரண்டும் தனித்தனியாகத் தருவதைவிட அதிகம் கிடைக்கிறது, அதற்கான எண்கள் எங்கே? இதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. நான்கு குழுவில் இலைப்பகுதி மட்டும் போட்ட குழு ஒன்று இருந்ததா? இருந்தால் அந்தத் தரவு தங்கம்.

இன்னொன்று, பலரும் மறப்பது. இந்தியாவில் எடுத்த உயிரியல் வளத்தை வைத்துக் காப்புரிமை கேட்டால் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கும் போக வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டவர் காப்புரிமை வழங்கப்படுவதற்குள் அங்கே பதிவு செய்தால் போதும். செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதானே என்று சிலர் கேட்பார்கள். எங்கிருந்து வந்தது என்பதைவிட, நீங்கள் எங்கிருந்து பறித்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆணையத்தின் அலுவலகம் நம் தரமணியில்தான், டைசல் பூங்காவில். எந்த ஊர் வரப்பில், எந்த மாதம் பறித்தது என்ற குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பைட்டோபார்மசூட்டிகல் கோப்புக்கும் அது தேவைப்படும்.


நெல்வயல்:

தரமணி சொன்ன அந்தக் குறிப்பேடு விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். மழைக்கு முன் பறித்த இலையும் பின் பறித்த இலையும் ஒன்றல்ல. நான்கு சேர்மங்களின் அளவு தொகுதிக்குத் தொகுதி ஆடினால் நச்சுத்தன்மைச் சோதனை செய்த ஜெல் வேறு, நோயாளிக்குப் போட்ட ஜெல் வேறு என்றாகிவிடும். ஜிஎல்பி என்ற நல்ல ஆய்வக நடைமுறைச் சான்று பெற்ற ஆய்வகத்திடம் விலைப்புள்ளி வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். ஆய்வுத் தரவை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பு) ஏற்பாட்டில் 2011 முதல் இந்தியா முழு உறுப்பினராக இருப்பதால், இங்கே ஜிஎல்பி முறையில் செய்த பாதுகாப்புத் தரவை வெளிநாட்டிலும் ஏற்பார்கள். பல்கலைக்கழக விலங்கு அறையில் மறுபடி செய்து மிச்சம் பிடிக்கலாம் என்று நானும் நினைத்தேன், ஒரு வருடம் வீணானது.

ஆய்வகமும் வார்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் இருக்கிறது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு அங்கே சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மரபணுச் சிகிச்சை கொடுத்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். நெல்லையில் உங்கள் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது. இரவுப்பணி டாக்டர் வருகிறேன் என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள்.


தாமிரபரணி:

இலைப்பகுதி மட்டும் போட்ட குழு இருந்தது, தரமணி. ஆறு எலிகள். அந்தத் தரவைக் கட்டுரையில் துணைக்கோப்பில் தள்ளியிருந்தேன், இப்போது முதல் படமாக்குகிறேன்.

துறைத்தலைவரிடம் பேசிவிட்டேன். தற்காலிக விண்ணப்பம் போடும்வரை கட்டுரை காத்திருக்கும் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு பக்கத்தை நேற்று ராத்திரி எழுதினேன். "யார் கையால் போடுவது" என்ற வரியில் அப்பா என்று எழுதினேன், அம்மாவுக்குத் தினமும் கட்டு மாற்றியது அவர்தான். கண்ணாடி போட்டாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அதனால் குழாயிலிருந்து பிதுக்குகிற ஜெல்லாக வேண்டாம், அளவாக வெட்டிய தகடாக இருந்தால் எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றியது. கைட்டோசானைத் தகடாக உலர்த்துவது கடினமில்லை. வியாழக்கிழமை டாக்டரின் புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறேன், அந்தத் தகடு ஒன்றையும் கொண்டுவருவேன்.


இரவுப்பணி:

வியாழன் எட்டு மணிக்கு வாருங்கள். கட்டு மாற்றும் அறையில் எங்கள் செவிலியர் அக்கா இருப்பார், இருபது வருடமாகக் கால் புண் பார்க்கிறார். தகட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள்.